மதுரையில் இசை சிகிச்சைக்கு நன்கொடை: எங்கே கேட்பது, எதற்குக் கொடுப்பது

மதுரைக்காரர் ஒருவர் நாலு பேருக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது சாப்பாடுதான். பிறந்தநாளோ திதியோ கல்யாண நாளோ, ஏதாவது ஓர் இல்லத்துக்குப் போன் போட்டு “ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுவிடுவோம். நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதே இல்லத்துக்குப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு தெரபிஸ்ட் வந்து, பேச்சு வராத பிள்ளையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து தாளம் தட்டிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் வராது. அதற்குப் பணம் கொடுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எது சிகிச்சை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மியூசிக் தெரபி என்ற ஒரே பெயரில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கரோக்கி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழைய பாட்டுப் பாடுவது ஒன்று. சிறப்புப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவர், இன்னாருக்கு இன்ன சிரமம், அதில் இன்ன மாற்றம் வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்கிறார். பாட்டையும் தாளத்தையும் கருவியையும் அதற்குத் தக்கபடி எடுத்தாள்கிறார். என்ன நடந்தது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறார். முதல் இரண்டும் மோசமில்லை. டி.எம்.எஸ். பாட்டுக்கு ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டால் அன்றைய பொழுதுக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லிச் சிகிச்சைக்கான தொகையைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்? பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பேச்சு வராது, பழகிய பாட்டின் வரிகள் மட்டும் வரும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, “தண்ணி வேணும்” போன்ற சின்ன வாக்கியங்களை ராகம் போட்டு இழுத்துச் சொல்ல வைப்பார்கள். கூடவே கையால் தட்டச் சொல்வார்கள். பிறகு மெல்ல ராகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பேச்சில் இறக்குவார்கள். 1970களில் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவான முறை இது. பார்க்கின்சன் நோயில் நடை தடுமாறுகிறவருக்குச் சீரான தாளத்தைக் கேட்க வைத்தால் காலடி அதற்கேற்ப விழும். பிசியோதெரபியோடு சேர்த்து இதைச் செய்கிறார்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் அமைதியின்மையைத் தணிக்கவும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ‘உன் முறை, என் முறை’ என்ற கொடுக்கல் வாங்கலைப் பழக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘சர்க்கரைக்கு இந்த ராகம், பிரஷருக்கு அந்த ராகம்’ பட்டியலை இதோடு சேர்க்காதீர்கள். நீலாம்பரியில் தாலாட்டுப் பாடுவது நம் மரபு, சந்தோஷம். அதற்காக நோய்க்கு ஒரு ராகம் என்று மாத்திரைச் சீட்டு எழுதுகிறவரை நம்பிப் பணம் போடக் கூடாது. விவரம் தெரிந்த தெரபிஸ்ட் முதலில் கேட்பது “இவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?” என்றுதான். உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தாவுக்குக் கும்மியும் தாலாட்டும், கோரிப்பாளையத்து பாய்க்கு நாகூர் ஹனிபா, பசுமலைப் பெரியவருக்குச் சர்ச் கீர்த்தனை, சௌராஷ்டிர வீட்டுக்காரருக்குப் பஜனை. பழகிய பாட்டுக்குத்தான் மனம் சீக்கிரம் இறங்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். ஆட்டிசம் உள்ள 364 பிள்ளைகளை வைத்து ஒன்பது நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்போடு இசை சிகிச்சையைச் சேர்த்ததால் ஐந்து மாதத்தில் ஆட்டிசத் தீவிரம் குறையவில்லை என்பதுதான் அதன் முடிவு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு 2022இல் வந்தபோது, ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும் என்றது. ஆனால் பேச்சு வளர்ந்ததற்குத் தெளிவான சான்று அதிலும் இல்லை. ஆக, “மூணு மாசத்துல பேச வச்சிருவோம் சார்” என்று யாராவது சொன்னால் எடுத்த பர்ஸை அப்படியே பைக்குள் வைத்துவிடலாம்.

இடத்தைத் தேடுவது

சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், மனநல மறுவாழ்வு மையம், வலி நிவாரண மையம், மருத்துவமனை என்று ஐந்து வகை இடங்களில் இசை சிகிச்சைக்கு வேலை இருக்கிறது. புதிதாகக் கொடுக்கிறவர்கள் சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ ஆரம்பிப்பது சுலபம். ஆட்கள் மாறாமல் அங்கேயே இருப்பார்கள், வாராவாரம் சிகிச்சை தொடரும். பெரியாஸ்பத்திரியில் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வந்து சேரும் இடம் அது, தேவையும் மலையளவு இருக்கிறது. ஆனால் அரசு மருத்துவமனையில் டீனின் அனுமதியும் அந்தத் துறைத் தலைவரின் சம்மதமும் இல்லாமல் வார்டுக்குள் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அது இரண்டாம் வருஷத்து வேலை.

பெயர்ப் பட்டியலுக்குக் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். மனநல இல்லமென்றால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தது நமக்கு அருகில் உள்ள ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். அதற்குப் பிறகும் “எங்களையே சந்தேகப்படுறீங்களா?” என்று கோபப்படும் இல்லத்துக்கு உங்கள் பணம் போக வேண்டாம்.

அடுத்து, தெரபிஸ்ட். இது கொஞ்சம் சிக்கலானது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்களுக்குப் பதிவு எண் தருகிறது. அந்த வரிசையில் இசை சிகிச்சையாளர் என்ற பிரிவு கிடையாது. அதனால் “உங்க ரிஜிஸ்டர் நம்பர் என்ன?” என்று கேட்டு இவர்களை எடைபோட முடியாது. எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் நோயாளிகளோடு பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியின் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்கென்றே படிப்பு இருக்கிறது. இன்னொரு கேள்வி: அவர் தனியாக வேலை செய்கிறாரா, அங்குள்ள சிறப்பு ஆசிரியரோடும் பேச்சுப் பயிற்சியாளரோடும் கலந்து செய்கிறாரா? சேர்ந்து செய்கிறார் என்றால் அந்தச் சக ஊழியர்களின் கவுன்சில் எண்ணைக் கேட்டு வாங்கலாம். என் கணக்கில் இந்த ஒரு கேள்வியே பாதி வடிகட்டிவிடும்.

பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறதே, அங்கே படித்த பிள்ளையைக் கூப்பிடலாமே என்றால், கூப்பிடலாம், பாட்டு வகுப்புக்கு. நன்றாகப் பாடுகிறவர் எல்லாம் தெரபிஸ்ட் ஆகிவிட மாட்டார். ஆனால் அப்படி ஒருவருக்கு இந்தத் துறையில் உண்மையான ஆசை இருந்தால், அவரது படிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது நீங்கள் கொடுக்கக்கூடிய நன்கொடைகளிலேயே நீண்ட நாள் பலன் தருவது. தென்மாவட்டங்களில் பணத்தைவிட ஆளுக்குத்தான் பஞ்சம்.

போன் போட்டு, போய்ப் பார்ப்பது

எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு இப்படிச் சொல்லிப் பழகலாம்: “மேடம், வணக்கம். மாசாமாசம் ஒரு தொகை கொடுக்கலாம்னு இருக்கோம். சாப்பாட்டுக்கு இல்ல, மியூசிக் தெரபிக்கு. உங்க பள்ளிக்கூடத்துல யார் எடுக்குறாங்க? வாரத்துக்கு எத்தனை நாள் வர்றாங்க? அவங்களுக்கு இப்ப யாரு சம்பளம் கொடுக்குறாங்க?” தெரபி இப்போது நடக்கவில்லை என்றாலும் போனை வைத்துவிட வேண்டாம். “ஆள் கிடைச்சா நடத்த இடமும் நேரமும் ஒதுக்க முடியுமா?” என்று கேளுங்கள்.

நேரில் போகும்போது இரண்டு பேர் போதும். வேன் பிடித்துக் குடும்பத்தோடு போனால் பிள்ளைகள் மிரள்வார்கள். சிகிச்சை நடக்கும்போது உள்ளே உட்கார அனுமதி கேட்காதீர்கள். எந்த மையமும் அதற்குச் சம்மதிக்கக் கூடாது. வெளியே இருந்து பார்க்க வேண்டியது வேறு: சிகிச்சை அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறதா, அல்லது இன்னொரு ஊழியர் உடன் இருக்கிறாரா, பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்கியிருக்கிறார்களா, பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுகிறதா. கடைசியாகச் சொன்னது வேடிக்கையில்லை, சத்தத்துக்கு நடுவே இந்தச் சிகிச்சை நடக்காது.

போட்டோ வேண்டாம். காசோலையைப் பெரிதாக அச்சடித்துப் பிள்ளை கையில் கொடுத்து நிற்கும் படம் அறவே வேண்டாம். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ஸ்டேட்டஸில் போட்டாலும் வெளியீடுதான்.

கருவியா, நேரமா?

புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கருவி வாங்கித் தரத்தான் ஆசைப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதலாம். ஆனால் வாசிக்க வேண்டியவர் வரவில்லை என்றால் கருவி பீரோவில் பூட்டிக் கிடக்கும். முதலில் ஒரு வருஷத்துக்குத் தெரபிஸ்ட்டின் சம்பளத்தையும் பஸ் செலவையும் உறுதி செய்யுங்கள். பிறகு என்ன கருவி வேண்டும் என்று அவரே எழுதித் தரட்டும்.

அந்தச் சீட்டில் நீங்கள் எதிர்பார்க்காதவை இருக்கும். அடாப்டரோடு ஒரு சாதாரண கீபோர்டு, கைக்கு அடங்கும் டிரம், ஷேக்கர், மணி, சலங்கை, நல்ல ஸ்பீக்கர் ஒன்று, தரையில் விரிக்க மெத்தை விரிப்பு. ஈரத்துணியால் துடைக்க முடிவதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். பெயிண்ட் உரியக் கூடாது, உதிரும் சின்னப் பாகம் இருக்கக் கூடாது. ஒருவர் ஊதியதை இன்னொருவர் ஊத முடியாது, அதனால் புல்லாங்குழல் வகைகளுக்கு வேலை குறைவு. மிருதங்கம் கொடுக்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். வார் இழுத்துச் சுருதி சேர்க்க ஆள் வேண்டும், மழைக்காலத்தில் தோல் தொய்யும். வீணைக்கு இடமும் பராமரிப்பும் வேண்டும். பறையும் தவிலும் நம் மண்ணின் பெருமைதான், ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் திடீர்ச் சத்தம் தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிடுவார்கள். பரணில் கிடக்கும் தாத்தாவின் ஹார்மோனியத்தைக் கொடுப்பதாக இருந்தால், துருத்தியைச் சரிசெய்து ரீடு பார்த்த பிறகு கொடுங்கள். உடைந்ததைக் கொடுப்பது நம் வீட்டைச் சுத்தம் செய்வதே தவிர நன்கொடை ஆகாது.

எவ்வளவு கொடுப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை ஊருக்கு ஊர் மாறும், இது உதாரணத்துக்கு. ஒரு முறைக்கு 700 ரூபாய், வாரம் இரண்டு முறை என்றால் மாதம் 5,600. போக்குவரத்துக்கும் கருவிப் பழுதுக்கும் 900 சேர்த்தால் 6,500. வருஷத்துக்கு 78,000. ஒருவருக்குப் பெரிய தொகை. பதின்மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு மாதம் 500.

சேர்ந்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலா, வியாபாரிகள் தங்கள் வியாபாரத்திலிருந்து பொதுக் காரியத்துக்கு எடுத்து வைத்த மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் நடந்த பள்ளிக்கூடம். காமராசர் படித்தது அங்கேதான். கடைத்தெருவில் நாலு கடைக்காரர்கள், ஒரே தெருவில் குடியிருப்பவர்கள், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடினால் ஒரு பள்ளியின் தெரபிஸ்ட் நின்று வேலை பார்ப்பார். ஒருவர் கணக்கு எழுதட்டும், இன்னொருவர் வங்கிப் பாஸ்புக்கைப் பார்க்கட்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

“காதுகுத்துல வர்ற மொய்ய அப்படியே கொடுத்துறலாமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. உசிலம்பட்டி, தேனிப் பக்கத்து மொய் நோட்டு என்னவென்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன், தானம் செய்ய நம் பணமில்லை.

பணம் போகும் பாதை

அறக்கட்டளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். நிர்வாகியின் சொந்த ஜிபே எண்ணுக்கு வேண்டாம். கூடவே ஒரு சின்னக் கடிதம்: “இந்தத் தொகை இசை சிகிச்சையாளர் ஊதியம், பயணம் ஆகியவற்றுக்கு மட்டும்.” நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரிச் சலுகை வேண்டுமென்றால் அந்த அறக்கட்டளைக்கு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு அங்கீகாரம் இருக்க வேண்டும். அது காலவரையறையோடு தரப்படுவது, புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது. கருவியாக, அரிசியாகக் கொடுத்தாலும் கிடையாது. சாதாரணமாக இந்த அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதித் தொகையைத்தான் வருமானத்திலிருந்து கழிக்கலாம், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. 10,000 கொடுத்தால் 5,000 கழியும், 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மிச்சமாவது செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 1,040 ரூபாய். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 2025ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ரசீதில் வேறு எண்ணைப் பார்த்தால் பதற வேண்டாம். வரிக்காகவே கொடுக்கிறவர் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில்தான் பல இல்லங்கள் மாட்டிக்கொள்கின்றன. துபாயில் வேலை பார்க்கும் மச்சினர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா அனுப்பினால், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க இல்லத்துக்குத் தனிப் பதிவு வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். “அக்கா, நீங்க என் அக்கவுண்டுக்கு அனுப்புங்க, நான் கொடுத்துர்றேன்” என்ற குறுக்கு வழி வேண்டாம், மாட்டிக்கொள்வது இல்லத்துக்காரர்கள்தான்.

கச்சேரி வைத்து நிதி திரட்டுவதென்றால்

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் பாடினார். 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்ததும் பொதுச்சேவைப் பிரிவில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு கச்சேரி யோசனை வராமல் இருக்காது. ஆனால் மண்டபம், மைக், மேடை, சாப்பாடு, போஸ்டர் என்று போனால் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். யாராவது ஒருவர் மண்டபச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டால் மட்டும் இறங்குங்கள். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் பாடுகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிகிச்சை பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் பாட வைத்து வசூல் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

கொடுத்த பிறகு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்க அறிக்கை கேளுங்கள். பெயர் வேண்டாம். எத்தனை பேர், எத்தனை முறை, எத்தனை முறை நடக்காமல் போனது, ஏன், யாருக்கு என்ன இலக்கு வைத்தார்கள், எட்டியதா. ‘எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்ற ஒற்றை வரி அறிக்கை ஆகாது. ‘முன்பு ஒரு நிமிடம் உட்காராதவர் இப்போது எட்டு நிமிடம் உட்காருகிறார்’ என்று எழுதினால் அது அறிக்கை. மாற்றமே இல்லை என்று நேர்மையாக எழுதினாலும் பணத்தை நிறுத்தாதீர்கள், என்ன மாற்றிச் செய்யப் போகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கோடை விடுமுறையிலும் சித்திரைத் திருவிழா நாட்களிலும் பள்ளி நடக்காது. அப்போது தெரபிஸ்ட்டுக்குப் பாதிச் சம்பளமாவது உண்டா என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடியுங்கள். இல்லையென்றால் ஜூனில் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், முதலிலிருந்து ஆள் தேட வேண்டும். நீங்கள் நிறுத்த வேண்டிய நிலை வந்தாலும் மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள். வாராவாரம் வந்த ஆள் ஒரு நாள் வராமல் போனால் சில பிள்ளைகள் பெரிதும் கலங்கிவிடுவார்கள். விடைபெறுவதற்கும் சில வாரங்கள் ஒதுக்கிச் செய்வார் நல்ல தெரபிஸ்ட்.

கடைசியாக, காகிதம். நிதியாண்டு முடிந்ததும் அறக்கட்டளை உங்கள் நன்கொடையை வருமானவரித் துறையில் பதிவேற்றி, மே 31க்குள் சான்றிதழ் தர வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 10பிஇ படிவம் என்று பெயர். கையால் எழுதிய ரசீது மட்டும் கழிவுக்குப் போதாது. மே மாதம் இரண்டாம் வாரம் ஒரு போன் போட்டு நினைவுபடுத்துங்கள். அவர்களிடம் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று அப்போதே ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.